ஈரக் கழிவு

சம்மாந்துறை நெல் ஆலையில்
ஈரம் பார்க்கிறவள் நான்.
மூடைக்குள் குத்தூசி இறக்கி
வந்த மணியை மெசின் வாயில் போட்டால்
இலக்கம் வரும்.
பதினாலு என்றால் முழு விலை.
மேலே போனால் மூடைக்கு இத்தனை கிலோ கழிவு.
யார் போட்ட கணக்கு என்று கேட்பார்கள்.
எனக்கும் தெரியாது,
நான் வேலைக்கு வரும்போதே சுவரில் ஒட்டிக் கிடந்தது.

மாசியில் மெச் தொடங்கியதும்
லொறிப் பெடியன்களுக்கு வேறொரு கணக்கு தேவைப்பட்டது.
"ராத்தா, இதென்னகா
மைனஸ் தசம் ஏழு எட்டு?"

கொள்வனவு பில்லின் பின்பக்கத்தில்
நாலு நாட்டை எழுதினேன்.
நாலில் இரண்டுதான் அரையிறுதிக்கு.
வென்றால் இரண்டு புள்ளி, தோற்றால் ஒன்றுமில்லை,
மழை வென்றால் ஆளுக்கொன்று.

எங்கட ஆக்கள்
ஒன்றில் வென்று, ஒன்றில் நனைந்து,
ஒன்றில் நூற்றைம்பதுக்குச் சுருண்டிருந்தார்கள்
முப்பத்தொரு ஓவரில்.
ஜெசீல் போனை எடுத்து முப்பத்தொன்றால் பிரித்தான்.
நல்ல ரன்ரேட் வந்தது. சிரித்தான்.
அப்படியில்லை தம்பி,
பத்து விக்கெட்டும் போனால்
ஆடாத பத்தொன்பது ஓவரும் உன் தலையில்தான்.
ஐம்பதால் பிரி.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
"லீசிங்காரன் மாதிரி" என்றான் பிறகு,
"வண்டியத் தூக்கிப்போட்டும்
மிச்சத் தவணையைக் கேக்கான்."

நனைந்த ஆட்டத்தின் புள்ளி மட்டும் நிற்கும்.
ரன் கணக்கில் அது நடக்கவே இல்லை.

கடைசி நாளில் எங்களுக்கு ஆட்டம் இல்லை.
எங்களுக்காக வேறு இரண்டு நாடு ஆடியது.
எங்களை இருபத்தைந்தாவது ஓவரிலேயே முடித்து
வீட்டுக்குப் போனவன்
இன்று மற்றவனையும் அப்படியே முடிக்க வேணும்.
தராசு அறை மேசையில் டீவி.
நெல்லுத் தூசி படிந்த கைகளால்
எங்களை அடித்தவனுக்கே கை தட்டினோம்.
அவன் இருநூற்றெழுபது அடித்தான்.
"எவ்வளவுக்குள்ள மடக்கணும் ராத்தா?"
நூற்றெழுபத்தொன்று.
அதற்கு மேல் ஒன்றுகூட ஆகாது.

ஆறு விக்கெட் விழுந்தது.
புவிதரன் பிளேன்டி கோப்பையோடு எழும்பியவன்
இருக்கவே இல்லை,
இருந்தால் ராசி போய்விடுமாம்.
பதினெட்டு ஓவர், நாலு பந்து.
நடுவர் மேலே பார்த்தார்.

இருபது ஓவராவது ஆடினால்தான் முடிவு.
எட்டுப் பந்து.
நாங்கள் யாரும் போகாத ஊரில்
ஒரு மைதானத்தை வெள்ளைப் படங்கால் மூடினார்கள்.
குடைகள் நடந்து வந்தன, போயின.
பத்து மணிக்குப் பிறகு ஜெசீல் கேட்டான்,
"நாளைக்கு வைக்க மாட்டாங்களா?"
குழு ஆட்டத்துக்கு மறுநாள் இல்லை.
ஆளுக்கொன்று. அவர்களுக்கு நாலு, எங்களுக்கு மூன்று.
தசம் ஏழு எட்டை யாரும் எடுத்தே பார்க்கவில்லை.
வெளியே எங்கட வானம்
ஒரு துளி இல்லாமல் வெளுத்துக் கிடந்தது.

விடிய நாவிதன்வெளித் தவமலர்
இருபத்திரண்டு மூடையோடு வந்தா.
மெசின் பதினேழு காட்டியது.
முந்தநாள் ரோட்டில் காயப் போட்டதாம்.
படங்கை இழுக்கிறதுக்குள்ளே தூறிவிட்டதாம்.
வழக்கமாகச் சண்டை பிடிக்கிறவ
சுவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.
"எத்தின பந்து கிடந்ததாம்?"
"எட்டு."
"ஒரு ஓவரும் ரெண்டும்" என்று
விரலில் எண்ணிச் சரி பார்த்தா.

கழிவு போக மிச்சத்தை எழுதிக் கொடுத்தேன்.
பில்லைத் திருப்பினா.
பின்னால் என் நாலு நாடும்
வெட்டிய கோடுகளும்.
"அரையிறுதி எண்டைக்கு?"
"புதன்கிழமை.
அதுக்கு மழை வந்தாலும் மறுநாள் ஒதுக்கி இருக்கு."
"அவங்களுக்கு இருக்கும்" என்றா,
பில்லை நாலாய் மடித்துக்கொண்டு.

பின்னால் ஒரு டிரக்டர் ஹோர்ன் அடித்தது.
அடுத்த மூடைக்குள்
குத்தூசியை இறக்கினேன்.